கோட்டை என்றால் மதில் மட்டும்தானா?

(திரையில்: கை தவறி விழும் கிரிக்கெட் பந்து)

கைக்கு வந்த கேட்சை ஒருவர் நழுவவிட்டால் நம் வாயில் உடனே வருவது, "கோட்டை விட்டுட்டானே!" பந்துக்கும் கோட்டைக்கும் என்ன உறவு? காத்து நின்ற கோட்டையைப் பகைவனிடம் விடுவதுதான் அன்றைக்குப் பெரிய இழப்பு. அந்தப் போர்கள் ஓய்ந்துவிட்டன, பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

சரி, இந்தச் சொல் எப்படிப் பிறந்தது?

சங்கப் பாடல்களில் கோட்டையைக் குறிக்க அதிகம் காணப்படுபவை எயில், மதில், அரண் போன்ற சொற்கள். கோட்டையை 'கோடு' என்ற அடியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கோடுதல் என்றால் வளைதல். ஓர் இடத்தை வளைத்துக் கட்டியது கோட்டை. எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. ஏனென்றால், சொல்லின் மற்ற பொருள்களும் இதற்குள் வந்துவிடுகின்றன.

(திரையில்: வைக்கோல் பிரி சுற்றும் கைகள்)

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் வாருங்கள். விதைநெல்லை வைக்கோலுக்குள் பொதிந்து, பிரியால் இறுக்கிச் சுற்றி, உருண்டையாகக் கட்டி, மேலே சாணம் மெழுகிக் காயவைப்பார்கள். பூச்சி சுலபத்தில் அண்டாது, ஈரம் ஏறாது. இதற்கும் பெயர் கோட்டைதான்! வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்று வாழ்ந்தவர்களுக்கு, அரசனுடைய கோட்டையைவிட இது பெரிய கோட்டை. அப்புறம் அதுவே அளவாகவும் ஆனது. ஒரு கோட்டை நெல் என்றால் 21 மரக்கால். அவ்வளவு விதை பிடிக்கும் வயல், ஒரு கோட்டை விதைப்பாடு.

(திரையில்: ஒளிவட்டம் சூழ்ந்த நிலா)

நிலாவைச் சுற்றித் தெரியும் இந்த வட்டத்துக்கும் கோட்டை என்றே பெயர். உயரத்து மெல்லிய மேகத்தில் இருக்கும் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் வருவது இது. "நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்பார்கள் பெரியவர்கள்.

தமிழின் உறவு மொழிகளிலும் இந்தச் சொல் உண்டு. நீலகிரியில் தோடர்கள் இதை பங்களாவுக்குச் சொல்கிறார்கள்! சென்னையிலோ, 'கோட்டையைப் பிடிப்பது' என்றால் ஆட்சியைப் பிடிப்பது. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருப்பதால் வந்த வழக்கு.

(திரையில்: கொழும்பு ரயில் நிலையம்)

கடைசியாக, கொழும்பு. அங்கிருந்த கோட்டை மதிலை ஆங்கிலேயர் காலத்திலேயே இடித்துவிட்டார்கள். ஆனாலும் ரயிலில் வருபவர்கள் இன்றும் 'கோட்டை'யில்தான் இறங்குகிறார்கள். பக்கத்திலுள்ள கடைத்தெருப் பகுதிக்குப் பெயர் புறக்கோட்டை. மதில் எந்தப் பக்கம் நின்றது என்பதை அந்த இரண்டு பெயர்களும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.