ஊருக்கென்று ஒரு ஆப் வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வெள்ளம், யானை, களவு எல்லாத்துக்கும் உடனே அறிவிக்கிற மாதிரி எங்கட ஊருக்கென்று தனியா ஒரு ஆப் செய்விக்கலாமா? வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் காசு தரத் தயாரா இருக்கினம்."

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊரைப் பற்றி யோசிக்கிற பிள்ளை. ஆனால் தங்கச்சி, ஆப் செய்விக்க வேண்டாம். செய்து தந்தவர் போன பிறகு அதை யார் பார்ப்பது? ஆச்சியின் பழைய போனில் அதற்கு இடம் இருக்குமா? வட்ஸ்அப் ஏற்கெனவே அனேகமான வீடுகளில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பாவித்தாலே போதும்.

ஒழுங்காக என்றால் என்ன? வழமையாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்றே மூன்று: நேரம், இடம், கண்ட ஆள். இந்த மூன்றும் இல்லாத செய்தியை ஊர்க் குழுவில் போடவே கூடாது.

2018 டிசம்பர் வெள்ளத்தை உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள், முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் தண்ணீருக்குள் போனது. அப்போது எடுத்த காணொளி ஒன்று, பிறகு வந்த ஒரு மாரியில் என் போனுக்கு வந்தது. கீழே, "இரணைமடு திறந்தாச்சு, எல்லாரும் வெளிக்கிடுங்கோ." எந்த நாள்? எத்தனை கதவு? எத்தனை அங்குலம்? ஒன்றும் இல்லை. ஆறு அங்குலம் திறப்பதும் முழுவதும் திறப்பதும் ஒன்றா? ஒன்றில் வயல்காரர் கவனமாக இருந்தால் போதும், மற்றதில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். "இன்று பின்னேரம் 4.10, இரண்டு கதவு, ஆறு அங்குலம், நான் குளத்தடியில் நிற்கிறேன்" என்று ஒருவர் எழுதினால் அது செய்தி. இரட்டை அம்புக்குறியோடு, பல தடவை அனுப்பப்பட்டது என்று காட்டி வருகிறதே, அதைக் குழுவில் போடுவதற்கு முதல் 117-க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேளுங்கள்.

அதனால் இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் காலை வணக்கம், பிறந்தநாள், கோவில் திருவிழா எல்லாம் போகட்டும். மற்றது அறிவித்தலுக்கு மட்டும், அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி. கமக்காரர் அமைப்பில் ஒருவர், மாதர் சங்கத்தில் ஒருவர், ராத்திரி முழித்திருக்கிற இளம் ஆள் ஒருவர் அட்மினாக இருக்கட்டும். அந்தக் குழுவில் போன் சத்தம் போட்டால் ஆபத்து என்று ஊருக்கே தெரிய வேண்டும். பூப் படம் ஒன்று வந்தாலும் அடுத்த நாள் பாதிப் பேர் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள்.

யானைக்கும் இதேதான். நெடுங்கேணிப் பக்கம் வயல் காவலுக்குப் போகிற ஒரு அண்ணன் சொன்னார், இருட்டில் நின்று தட்டச்சு செய்ய முடியாது, அட்மினுக்குக் குரல் பதிவு அனுப்புவதுதான் சரி என்று. "ஒன்பதே கால், கிழக்கு வாய்க்கால் கரை, மூன்று நிற்குது, ரோட்டுப் பக்கம் வருது." பேசியது அவர்தான் என்று குரலிலேயே தெரிந்துவிடும். பாருங்கள், நேரம், இடம், கண்ட ஆள், மூன்றும் வந்துவிட்டது. வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் நேரடி இருப்பிடத்தை ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டு ஆளுக்கு மட்டும் அனுப்பலாம். ஊர்க் குழுவில் போட வேண்டாம்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னியில் பெண்கள் தனித்து நடத்துகிற குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். சாதாரணக் குழுவில் சேர்த்தால் அவர்களுடைய நம்பர் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாத ஆள் எடுத்தால் அது எப்படிப் பாதுகாப்புக் குழு? வட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் அறிவித்தல் குழுவில் சாதாரண உறுப்பினரின் நம்பர், அதைச் சேமித்து வைக்காத மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. அதைப் பாவியுங்கள்.

அப்புறம், தங்கச்சி கேட்காத ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கேள்வி. போன் இல்லாத வீட்டுக்கு யார் சொல்வது? மழை நாளில் கரண்ட் போனால் சார்ஜ் இல்லை, கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் வட்ஸ்அப்பையே முடக்கியது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அப்போதும் வேலை செய்தன. ஆகவே நம்பர்களை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். டேட்டா இழுக்காத இடத்தில் எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேரும். அதுவும் போகாவிட்டால் கோவில் ஒலிபெருக்கி, சைக்கிளில் ஒரு பெடியன். ஒலிபெருக்கிக்கு ஒரு பேட்டரி வாங்க அந்த வெளிநாட்டுக் காசு உதவும்.

முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு பின்னேரம் நாலு பேர் சேர்ந்து ஊரைச் சுற்றி வாருங்கள். போன் இல்லாத வீடு, நடக்க முடியாத ஆட்கள் இருக்கிற வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு, காது கேளாதவர் இருக்கிற வீடு, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் உள்ள பக்கத்து வீட்டு ஆள் ஒருவரின் பெயரை நேரே போடுங்கள். அவரிடம் முகத்துக்கு நேரே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். காலபோக விதைப்பு முடிகிற கையோடு, பெருமழைக்கு முதல் செய்துவிட்டால் நல்லது. செய்தால் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். பட்டியலை மட்டும் எனக்கு அனுப்ப வேண்டாம், குழுவிலும் போட வேண்டாம். ஒரு பிரதியை உங்கள் கிராம அலுவலரிடம் கையில் கொடுங்கள்.