டெல்டா மாடுகளுக்கு சைலேஜ்: மக்காச்சோளமும் தட்டைப்பயறும்

(காட்சி: சம்பா அறுத்த வயல், உருளையாகச் சுற்றிய வைக்கோல் கட்டுகள்)

வணக்கம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சம்பா அறுவடை முடிந்துவிட்டால் மாட்டுக்குத் தீனி வைக்கோல்தான். அதில் புரதம் 3 முதல் 4 சதவீதமே இருக்கிறது. செரிமானத்தைக் குறைக்கும் சிலிக்காவும், சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாத ஆக்சலேட்டும் அதில் மிகுதி. இறைச்சிக்காகவோ உழவுக்காகவோ வளர்க்கும் இளங்காளைக்கு வயிறு நிரம்பும், எடை ஏறாது.

பயறுவகைத் தீவனத்தைக் காயவைத்துச் சேமிக்கலாமே என்றால், தட்டைப்பயற்றுக் கொடியில் முதலில் சருகாவது இலை. புரதத்தின் பெரும்பகுதி இருப்பதும் அந்த இலையில்தான். புரட்டிப் போடும்போதே அது நொறுங்கி உதிர்ந்துவிட, கொட்டகைக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி தண்டுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ எதையும் காயவைக்கவே வழியில்லை.

பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துவைத்தால், அதிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 4-க்கு வந்ததும் தீவனம் அழுகாமல் நின்றுவிடுகிறது. இப்படிப் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனம்தான் சைலேஜ். பயறுவகையில் சர்க்கரை குறைவு. அது எளிதில் புளிப்பேறவும் விடாது. எனவே தனியாக அடைத்தால் நாற்றமெடுக்கும் வாய்ப்பு அதிகம். மக்காச்சோளத்தில் சர்க்கரைக்குக் குறைவில்லை, புரதம் மட்டும் 8 சதவீத அளவில்தான். மூன்று பங்கு மக்காச்சோளத்தோடு ஒரு பங்கு தட்டைப்பயறு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

(காட்சி: உள்ளங்கையில் நறுக்கிய தீவனம்)

மக்காச்சோள மணியில் பால் இறுகி மாவுப்பதம் வரும்போது அறுத்து, 2 செ.மீ.க்கு மிகாமல் நறுக்குங்கள். ஒரு பிடி அள்ளி, அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம். மீதிப் பயிரை வாடவிட்டு நறுக்க வேண்டும். உருண்டை உடனே சிதறினால் முற்றிக் காய்ந்துவிட்டது. சாறு வடியாமல் உருண்டை மெல்ல விரிந்தால் அதுவே பதம். கெட்டுப்போகும் சைலேஜில் பெரும்பகுதி இந்த ஈரத்தைப் பார்க்காததாலும், சரியாக மிதித்துக் காற்றை வெளியேற்றாததாலும்தான் கெடுகிறது.

குழி வெட்டி நிரப்புவது மேட்டு நிலத்துக்குப் பொருந்தும் முறை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் கடைமடையில் குழிக்குள் நீர் ஊறிவிடும். ஆகவே இங்கே மேடான தரையில் அடுக்கிய தடித்த பிளாஸ்டிக் பைகளோ, மூடியுள்ள டிரம்களோதான் பாதுகாப்பானவை.

சுமார் 45 நாளில் திறக்கலாம். வெளிர் மஞ்சள் கலந்த பச்சையும் புளித்த மோர் வாசனையும் இருந்தால் நல்ல சைலேஜ். பூஞ்சை பிடித்த பகுதியை எந்த மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

வைக்கோல் எடைக்குச் சைலேஜ் எடையை ஈடாக நிறுத்துவிடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால், 10 கிலோ சைலேஜில் உலர் தீவனம் 3 கிலோ சொச்சம்தான். 250 கிலோ எடையுள்ள காளைக்கு அந்த 10 கிலோவோடு 3 கிலோ வைக்கோலும் வையுங்கள். அசைபோட நார் வேண்டும். முதல் நாள் 2 கிலோவில் தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். பிரித்த பையைக் காற்றுப் படவிடாமல் உடனுக்குடன் இறுகக் கட்டி, சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.