இடிமேகம் சுழலத் தொடங்கும்போது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோடை மாலையில் இடியுடன் மழை பெய்வது நமக்குப் பழகிய காட்சி. மதியம் வெயில் கொளுத்துகிறது, மேகம் திரள்கிறது, அரைமணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுத்துவிடுகிறது. அந்த மேகம் ஏன் அத்தனை சீக்கிரம் ஓய்ந்துபோகிறது? இதற்கு விடை தெரிந்தால், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரே மேகம் மணிக்கணக்கில் ஓயாமல் நகர்ந்து ஊர்களை அழிப்பது எப்படி என்பதும் விளங்கிவிடும்.

சாதாரண இடிமேகத்தை முடித்துவைப்பது அதன் சொந்த மழைதான். வெப்பமான ஈரக்காற்று மேலெழுகிறது. அதிலுள்ள ஆவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் உயரே தள்ளுகிறது. ஆனால் துளிகள் பெருத்ததும், காற்று ஏறிவருகிற அதே வழியில் விழுகின்றன; காற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கின்றன. குளிர்ந்த அந்தக் காற்று தரையில் பரவி, மேகத்துக்கு ஈரம் வந்த வழியை அடைத்துவிடுகிறது. வரவு நின்றதும் மேகம் கலைகிறது.

சூப்பர்செல் என்னும் இடிமேகம் இந்த முடிவிலிருந்து தப்பிவிடுகிறது. தரையருகே தென்கிழக்குக் காற்று, ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் அதைவிடப் பல மடங்கு வேகமான மேற்குக் காற்று என்று இருந்தால், மழையும் ஆலங்கட்டியும் ஏறுகாற்றை விட்டு விலகி வேறிடத்தில் விழும். ஏறும் வழி திறந்தே இருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. உள்ளங்கைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சிலைப் படுக்கவைத்து, மேல்கையை மட்டும் முன்னே தள்ளிப் பாருங்கள், பென்சில் உருளும். மேலும் கீழும் வேகம் வேறுபடும்போது இடையிலுள்ள காற்றும் அப்படித்தான் படுத்தவாக்கில் உருள்கிறது. ஏறுகாற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்திவிட்டால், மேகத்தின் நடுப்பகுதியே சுழலத் தொடங்குகிறது. சூப்பர்செல்லுக்கு அடையாளம் இந்தச் சுழற்சிதான். அதன் ஏறுகாற்றின் வலிமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். 2010 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோடா மாநிலத்தில் விவியன் என்ற சிற்றூரில் விழுந்த ஆலங்கட்டி ஒன்றின் விட்டம் 20 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 880 கிராம். அவ்வளவு பெரிதாக வளரும்வரை அதைக் காற்று அந்தரத்தில் தாங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் அமெரிக்கச் சமவெளி ஏன் இத்தனை தோதான இடம்? தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தடையின்றி வருகிறது. மெக்சிகோவின் பீடபூமியில் காய்ந்த வறண்ட வெப்பக்காற்று அதன்மேல் படர்கிறது. உச்சியில், மிக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம். நடுவிலுள்ள வெப்பக்காற்று கீழேயுள்ள ஈரக்காற்றை மேலேறவிடாமல் தடுப்பதால், அதை வானிலையாளர்கள் 'மூடி' என்கிறார்கள். என் பார்வையில் இந்த நாடகத்தின் முக்கியப் பாத்திரம் அதுதான். மூடி மிகவும் வலுவாக இருந்தால் மேகமே எழாது. மக்கள் வெயிலை நொந்துகொண்டு தூங்கப் போய்விடுவார்கள். மிகவும் மெலிதாக இருந்தால் காலையிலேயே ஏராளமான சிறு மேகங்கள் எழுந்து, ஆற்றலைப் பங்குபோட்டுத் தீர்த்துவிடும். மாலைவரை தாக்குப்பிடித்து, பிறகு ஓரிரு இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்கிற மூடிதான் ஆபத்தானது.

1999 மே 3 அப்படிப்பட்ட நாள். அன்று காலை ஓக்லஹோமாவுக்குப் புயல் கணிப்பு மையம் தந்த எச்சரிக்கை 'சிறிதளவு ஆபத்து' என்ற நிலையில் இருந்தது. உயர்வானில் மெல்லிய மேகங்கள் வெயிலை மறைத்தன. மேல்காற்றும் அவ்வளவு வலுவாக இராது என்று கணினிக் கணிப்புகள் கூறின. ஆனால் நியூ மெக்சிகோவின் டுகம்காரியில் காற்றை அளக்கும் கருவி, கணிப்புகளை மீறிய வேகத்தைக் காட்டியது. கணிப்பாளர்கள் கணினியை விட்டுவிட்டுக் கருவியை நம்பினார்கள். அந்த முடிவை எத்தனை பாராட்டினாலும் தகும். எச்சரிக்கை படிப்படியாக உயர்ந்து, பிற்பகலில் மிக உயர்ந்த நிலைக்குச் சென்றது. அதற்குள் ஒரு கிலோ காற்றுக்கு 4,000 ஜூலுக்கும் மேற்பட்ட மிதப்பு ஆற்றல், அதாவது காற்றை மேலே தள்ளக் காத்திருக்கும் ஆற்றல், சேர்ந்துவிட்டிருந்தது. மாலையில் பிரிட்ஜ் கிரீக், மூர் பகுதிகளை டொர்னாடோ, அதாவது சுழலும் இடிமேகத்திலிருந்து தரைவரை நீளும் சூறைக்காற்றுத் தூண், தாக்கியபோது, நடமாடும் டாப்ளர் ரேடார் மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் அதிகமான காற்றை அளந்தது. 36 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் சாலை மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்கள். பாலத்தடியில் பாதுகாப்பு உண்டென்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. ஆனால் அந்த இடுக்கில் காற்றின் வேகம் கூடக்கூடும். பறந்துவரும் பொருள்களைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

இது தொலைதேசத்துக் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். மார்ச் முதல் மே வரை வங்கதேசத்திலும் இதே பொருள்கள் ஒன்றுகூடுகின்றன. வங்காள விரிகுடா ஈரம் தருகிறது. இந்திய நிலப்பரப்பின் வறண்ட வெப்பக்காற்று மேற்கிலிருந்து வந்து மூடியாகிறது. மேலே மேற்குக் காற்று. பருவமழை தொடங்கி அந்த மேற்குக் காற்று வடக்கே ஒதுங்கும்வரை ஆபத்து நீடிக்கிறது. 1989 ஏப்ரல் 26 அன்று மானிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் உயிரிழந்தார்கள். உலக வானிலை அமைப்பின் பதிவுகளில் அதிக உயிர்களைப் பலிகொண்ட டொர்னாடோ அதுதான். ஓக்லஹோமாவின் 36 எங்கே, இந்த 1,300 எங்கே!

கடற்புயல்களுக்காகப் பாதுகாப்பு மையங்களைக் கட்டி, புயல் மரணங்களைப் பெருமளவு குறைத்துக்காட்டிய நாடு வங்கதேசம். அந்த உழைப்பின்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கடற்புயல் நாள்கணக்கில் அவகாசம் தருகிறது. டொர்னாடோ தருவது சில நிமிடங்களே. தொலைவிலுள்ள மையம் அதற்கு உதவாது. ரேடார் சுழற்சியைக் கண்டதும் கைப்பேசியில் செய்தி வர வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எட்டிவிடுகிற தூரத்தில் உறுதியான சுவர்களுள்ள ஓர் அறையாவது இருக்க வேண்டும்.