கார்பன்-14 கணக்கில் கழித்தல் குறி வந்த கதை

வணக்கம் மக்களே! போன வீடியோவில் பெரிய ஆள் மாதிரி, கார்பன்-14 சிதையும்போது எவ்வளவு ஆற்றல் வெளிவரும் என்ற கணக்கை உங்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன் இல்லையா? நேற்று ராத்திரி நானே போட்டுப் பார்த்தேன். விடை மைனஸில் வந்தது!

கார்பன்-14 பீட்டா சிதைவில், அதாவது அணுக்கரு ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளும் சிதைவில், நைட்ரஜன்-14 ஆகிறது. குறையும் நிறைதான் ஆற்றலாக வெளிவரும். இரண்டுக்கும் நிறை வித்தியாசம் 0.000168 அணு நிறை அலகு. வெளியே வரும் எலக்ட்ரானின் நிறையே 0.000549. வரவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் செலவு! அப்படியானால் கார்பன்-14 சிதையவே கூடாது. அது பாட்டுக்குச் சிதைந்துகொண்டிருக்கிறது. நாலு தடவை பலகையை அழித்தேன். விடையைத் தேடிப் பார்ப்பது எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்குத் தெரியுமே.

இரண்டு மணி நேரம் கழித்துப் பொறி தட்டியது. அட்டவணையில் இருப்பது அணுக்கருவின் நிறை இல்லை, முழு அணுவின் நிறை! கார்பனில் 6 எலக்ட்ரான், நைட்ரஜனில் 7. அந்த ஏழாவதிலேயே வெளியேறும் எலக்ட்ரானின் கணக்கு அடங்கிவிட்டது. நான்தான் இன்னொரு தரம் கழித்திருக்கிறேன். கழிக்காமல் போட்டு ஆற்றலாக மாற்றினால் 156 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அச்சு அசலாகச் சரி! தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

ஆனால் எலக்ட்ரான்கள் சராசரியாக 49 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான் கொண்டுவருகின்றன. மீதி எங்கே? ஆற்றல் அழிவின்மை சராசரியில் மட்டும் பொருந்தினால் போதும் என்று நீல்ஸ் போர் சொல்லிப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர், இருந்தாலும் எனக்கு அது பிடிக்கவே இல்லை. 1930 டிசம்பரில் இயற்பியலாளர் பவுலி, கண்ணில் படாத ஒரு துகள் மீதியை எடுத்துப் போகிறது என்று கடிதம் எழுதினார். நடன விருந்து இருந்ததால் கூட்டத்துக்கு வர முடியாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்!

ஐயோ, எல்லிஸ், ஊஸ்டர் என்ற இரண்டு இயற்பியலாளர்களை விட்டுவிட்டேனே. பவுலிக்கு முன்னால், 1927. எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே ஆற்றலோடு கிளம்பி வழியில் இழக்கின்றனவோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. பீட்டா சிதைவு நடக்கும் ரேடியம்-ஈ என்ற கதிரியக்கப் பொருளைக் கலோரிமீட்டர் என்ற வெப்பம் அளக்கும் பெட்டிக்குள் வைத்து வெப்பத்தை அளந்தார்கள். வழியில் இழந்திருந்தால் அதுவும் உள்ளேயே வெப்பமாகியிருக்கும். சிதைவுக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் காட்டியிருக்க வேண்டும். வந்தது சுமார் மூன்றரை லட்சம். மீதி நிஜமாகவே பெட்டியை விட்டுப் போயிருந்தது. எனக்குப் பிடித்த சோதனை இதுதான்.

அந்தத் துகள், நியூட்ரினோ, 1956-ல்தான் கையில் சிக்கியது. அதைச் சிக்கவைத்த கதைக்குத் தனி வீடியோ வேண்டும்.

சரி, அடுத்த வீட்டுப்பாடம்: எலக்ட்ரானுக்குப் பதில் பாசிட்ரான், அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான், வரும் சிதைவில் இரண்டு எலக்ட்ரான் நிறையைக் கழிக்க வேண்டும். ஏன்? இந்தத் தடவை நான் முதலிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன்.