பள்ளிக்கூடம் பார்க்கப் போகும் பெற்றோருக்கு

(சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பெரியவர்களே, ஆசிரியத் தோழிகளே, மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளம் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று சொல்லிவிட்டுப் போங்கள் டீச்சர், அது போதும்" என்றுதான் சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரே பள்ளியில் அக்காள் மலர்ந்ததையும் தம்பி வாடியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பெயர் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும் என்று காலையிலிருந்து இரவு வரை ஓட்டிப் பாருங்கள். ஆண்டு விழா நாள் வேண்டாம், விளையாட்டு விழா நாள் வேண்டாம். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.

காலையிலிருந்து தொடங்குவோம். வீடு வேளச்சேரியில், பள்ளி அண்ணா நகரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேன் ஆறே முக்காலுக்கே தெருமுனைக்கு வந்துவிடும். அரைத் தூக்கத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் இட்லியைத் திணித்து ஏற்றிவிடுகிறீர்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் அந்தப் பிள்ளை வேனில் இருக்கிறது. அந்த நேரத்தில் அது ஓடியிருக்கலாம், தூங்கியிருக்கலாம், பாட்டியிடம் வாயடித்திருக்கலாம். ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு பெயர்பெற்ற பள்ளியாக இருந்தாலும் சரி.

வாகனத்தையும் குனிந்து பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஆனால் நாமே பேசி அமர்த்துகிற ஆட்டோவில் எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள் என்று நாம்தான் போய் எண்ண வேண்டும்.

அடுத்து, யாரும் மேடையில் பேசத் தயங்குகிற ஒன்று. என் மகள் முதல் வகுப்புப் படித்தபோது நடந்தது. நகரில் நல்ல பெயர் எடுத்த பள்ளி அது. தினமும் மாலையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வரும். விளையாட்டில் மறந்துவிடுகிறாள் என்று நினைத்து நான் அதட்டினேன். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது, சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். "பகலில் தண்ணீர் குடிப்பதில்லையா, கண்ணு?" என்று அவர் கேட்டபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். "குடித்தால் போக வேண்டுமே, அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்றாள். ஆசிரியையாக இருந்துகொண்டு அந்தப் பாட்டிலை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனால் கணினி அறையைக் காட்டுவார்கள், நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளின் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஆயா பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். முகம் சுளிக்கிற பள்ளி என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அப்படியே மாடிப்படியையும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்தோம். சமையற்கூடத்தில் பிடித்த நெருப்பு கூரைக் கீற்றுக்குத் தாவியது. மாடியில் சிறு பிள்ளைகள், இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. அன்று மாலை என் வகுப்பில் ஒவ்வொரு தலையாக எண்ணி அனுப்பினேன், கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் இறங்க வழி இருக்கிறதா, இரண்டாவது வழியின் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி வகுப்பறை. இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மூன்றாம் வகுப்பு நோட்டுகள் இரண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஆய்வுக்குப் போனபோது நாற்பது கட்டுரை நோட்டுகளைப் பார்த்தேன். தலைப்பு, "என் வீடு". நாற்பதிலும் ஒரே வரி: "என் வீடு அழகானது. அதில் நான்கு அறைகள் உள்ளன." கரும்பலகையிலிருந்து எழுதியவை. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையும் நான்கு அறைகள் என்றே எழுதி, "மிக நன்று" வாங்கியிருந்தான். அதே வாரம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இன்னொரு நோட்டு. "எங்கள் வீட்டில் மலை பெய்தால் பாத்திரம் வைப்போம்" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். ஆசிரியை "மழை" என்று திருத்திவிட்டு, அடியில் சிவப்பு மையில் "எத்தனை பாத்திரம் வைப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே பென்சிலில், "மூன்று. ஒன்று தம்பி குளிக்கும் பேசின்" என்று பதில் இருந்தது. அந்த நோட்டுக்காகவே அந்தப் பள்ளியில் என் பேத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன்.

ஆகவே முதல்வர் அறையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர்? அந்த வகுப்பு ஆசிரியை இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? முதல் ஐந்து வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஆண்டுதோறும் ஆசிரியர்கள் விட்டுவிட்டுப் போகிற பள்ளியில் சம்பளமோ மரியாதையோ சரியில்லை என்று பொருள். மரியாதை கிடைக்காத ஆசிரியையிடமிருந்து உங்கள் பிள்ளைக்கு மரியாதை எப்படிக் கிடைக்கும்?

சேர்க்கைக்காக ராத்திரி முழுதும் வரிசையில் நிற்காதீர்கள், பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்து நேர்காணலுக்கு அழைத்துப் போகாதீர்கள். 2009ஆம் ஆண்டு இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போல் பத்து மடங்கு வரை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கவும் 2009இலேயே ஒரு சட்டம் வந்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. உங்கள் பள்ளிக்குக் குழு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஊர்விட்டு ஊர் மாற்றலாகும் வேலை என்றால் சி.பி.எஸ்.இ. வசதி. மற்றபடி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரியதே இல்லை. வீட்டில் பேசுகிற மொழியில் பிள்ளை கூச்சமில்லாமல் கேள்வி கேட்க முடிகிறதா என்பதுதான் அந்த வயதில் எனக்குப் பெரிது. தமிழில் பேசினால் தண்டம் கட்டச் சொல்கிற பள்ளி என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குள் ஒரு முறையாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே போகாமலே வேண்டாம் என்கிறவர்கள்தாம் நம்மில் அதிகம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அங்கே இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் 2020 முதல் இருக்கிறது. எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் அதே கழிப்பறையைப் பாருங்கள், அதே நோட்டைக் கேளுங்கள்.

பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி கை தூக்குகிறார்... சரி, உட்காருங்கள் தம்பி. பையன் இரண்டாம் வகுப்பு, நான்கு மாதமாகத் தினமும் காலையில் அழுகிறான், பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, நடு ஆண்டில் மாற்றலாமா என்கிறார்.

மாற்றலாம். எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே கொடுக்க வேண்டும். அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டிய பணம் பெரிதுதான், தம்பி, தெரியும். ஆனால் முதலில் இன்று இரவு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். பெயர் சொல்கிறானா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் நாளை நேரே போய் அவனுடைய வகுப்பு ஆசிரியையிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், மாற்றுச் சான்றிதழ் கேட்கும் கடிதத்தை நாம் இருவருமாக எழுதுவோம்.