சுரூபமும் உண்டியலும்

அவைத் தலைவர் அவர்களே, அருட்தந்தையரே, போதகர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கத்தோலிக்கர் சுரூபங்களுக்கு, அதாவது கோயில் சிலைகளுக்கு, முன் முழங்காலிடுவது விக்கிரகாராதனையா? இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சுரூபமே இல்லாத புராட்டஸ்டண்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன் நான். எனவே எங்கள் பக்கத்துக் குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதில் பாதி தேறாது.

'கத்தோலிக்கர் பத்துக் கட்டளைகளில், விக்கிரகம் செய்து வணங்காதே என்ற இரண்டாம் கட்டளையையே நீக்கிவிட்டார்கள்' என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நீக்கவில்லை, ஐயா. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் அவர்களுடைய வேதாகமத்திலும் முழுதாக இருக்கிறது. புனித அகஸ்டின் வழிவந்த வரிசைப்படி அதை முதல் கட்டளைக்குள் அடக்கி, கடைசியில் வரும் 'இச்சியாதே' என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்தாக எண்ணுகிறார்கள். சுருக்கமாக மனப்பாடம் செய்விக்கும்போது அந்த வரி விடுபட்டுப் போகிறது, உண்மைதான். ஆனால் எங்கள் சீர்திருத்தத்தின் முன்னோடி மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலிலும் அந்த வரி கிடையாது. அவர் கட்டளையைத் திருடினார் என்று எங்களில் ஒருவரும் சொல்வதில்லை!

கத்தோலிக்க நண்பர்களின் வழக்கமான பதிலும் எனக்குப் போதவில்லை. 'தாயின் படத்தை முத்தமிடுகிறோமே, அது காகிதத்தையா முத்தமிடுகிறோம்?' என்பார்கள். சரி. ஆனால் தாயின் படத்திடம் யாரும் வேலை வாங்கித் தரச் சொல்லி நேர்ந்துகொள்வதில்லை. (நம் ஊரில் அதையும் செய்கிறவர்கள் உண்டு என்று முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார், ஒப்புக்கொள்கிறேன்.)

வேதாகமத்துக்கே வருவோம். வனாந்தரத்தில் வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்தச் சொன்னது கடவுள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே பாம்பை உடைத்தவன் எசேக்கியா ராஜா. அவனை வேதம் கண்டிக்கவில்லை, மெச்சுகிறது. இடையில் பாம்பு மாறவில்லை. ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே விசாரிக்க வேண்டியது வெண்கலத்தை அல்ல, தூபத்தை.

கி.பி. 600-இல் போப் கிரகோரி இதையே மார்செய் நகரத்து ஆயர் செரேனுசுக்கு எழுதினார். படங்களை ஆராதிக்கக் கூடாது என்று தடுத்தது சரி, ஆனால் உடைத்தது தவறு. எழுத்தறியாதவன் சுவரைப் பார்த்துத்தான் வாசிக்கிறான் என்றார். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் பேரவை, படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் உள்ளவரைச் சேரும், ஆராதனை கடவுள் ஒருவருக்கே என்று வரையறுத்தது. ஏட்டில் தெளிவான கோடு. முழங்காலிட்டிருக்கும் பாட்டியின் மனதில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று வாசலில் நின்று பார்க்கும் நமக்கு எப்படித் தெரியும்?

இனி சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துக்கு வாருங்கள். அங்கேதான் இந்த வழக்கு எனக்குப் பிடிபட்டது. 1523 செப்டம்பரில் கிளாவுஸ் ஹாட்டிங்கர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, நகர வாசலுக்கு வெளியே ஷ்டாடல்ஹோஃபனில் நின்ற பெரிய மரச்சிலுவையைக் கூட்டாளிகளோடு சேர்ந்து சாய்த்தார். வெறிபிடித்துச் செய்ததல்ல. மரத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பதுதான் அவர் எண்ணம். சூரிச்சின் சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லியும் அதைத்தான் பிரசங்கித்து வந்தார்: கடவுளின் உயிருள்ள சாயல் ஏழை, அவன் குளிரில் நடுங்க, நாம் மரக்கட்டைக்குப் பட்டு உடுத்துகிறோம்.

நகரசபை ஹாட்டிங்கரை நாடு கடத்தியது. 1524 மார்ச்சில் கத்தோலிக்க லுட்சேர்னில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மூன்றே மாதம் கழித்து, ஜூனில், அதே சூரிச் நகரசபை எல்லாச் சுரூபங்களையும் அகற்ற ஆணையிட்டது! கோயில் கதவுகளைச் சாத்திவிட்டுத் தச்சரும் கொத்தரும் ஏறக்குறைய இரண்டு வாரம் வேலை செய்தார்கள். காணிக்கையாகக் கொடுத்த குடும்பங்கள் தங்கள் சுரூபத்தைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்று அனுமதியும் இருந்தது. பின்பு சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள்.

லூத்தர் இந்த வழிக்கு வரவில்லை. 1522-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் அவருடைய சக சீர்திருத்தவாதி கார்ல்ஷ்டாட் படங்களை அகற்றச் சொல்லி நகரமே கொந்தளித்தபோது, ஒளிந்திருந்த கோட்டையிலிருந்து திரும்பி வந்து எட்டு நாள் பிரசங்கித்தார். சூரியனையும் நட்சத்திரங்களையும் கும்பிடுகிறவர்கள் உண்டு, அதற்காக வானத்திலிருந்து பிடுங்கிப் போடுவோமா என்று கேட்டார். சுரூபங்கள் இல்லாமலிருப்பதையே அவர் விரும்பினார். ஆனால் அவர் கண்ட பெரிய தீங்கு வேறு: கோயிலுக்குச் சுரூபம் செய்து கொடுத்தால் கடவுளிடம் புண்ணியம் சேரும் என்ற கணக்கு.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதை அறியாமல் இல்லை. 1563-இல் அதன் ஆயர்கள் பேரவையான திரெந்து சங்கம், சுரூபங்களில் தெய்வத்தன்மையோ சக்தியோ உண்டென்று நம்பக் கூடாது, அவற்றிடம் எதையும் கேட்கக் கூடாது என்றது. மூடநம்பிக்கையோடு இழிவான பண ஆதாயத்தையும் ஒழிக்கச் சொன்னது.

எனவே கத்தோலிக்கரை விக்கிரகாராதனைக்காரர் என்று ஒட்டுமொத்தமாக நான் சொல்லமாட்டேன். அவர்கள் போதனை அதுவல்ல. ஆனால் இந்தச் சுரூபத்துக்குத்தான் சக்தி அதிகம், அந்தச் சுரூபத்துக்குக் குறைவு என்று பக்தர்கள் தரம் பிரிக்கும் இடத்தில், எசேக்கியாவின் சுத்தியலுக்கு வேலை இருக்கிறது. அதைப் பங்குத்தந்தையே எடுக்க வேண்டும். அதேபோல, சுரூபம் இல்லை என்ற பெருமையோடு கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் இலட்சக்கணக்கில் செலவிடும் எங்களிடம் ஹாட்டிங்கர் வந்தால் எதை விற்கச் சொல்வார்?

அடுத்த கூட்டத்துக்கு அருட்தந்தை தம் உண்டியல் கணக்கைக் கொண்டு வரட்டும். நான் எங்கள் சபையின் கட்டட நிதிக் கணக்கைக் கொண்டு வருகிறேன். ஏழைகளுக்குப் போன தொகை எந்தப் பக்கத்தில் அதிகம் என்று எல்லோருக்கும் முன்னால் வாசிப்போம்.