மூன்றாவது வாரம்

வணக்கம் நேயர்களே.

இணையவழியில் கல்லூரிப் பாடம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் வந்துவிடுவார்கள். பெயரைச் சொல்வார்கள், என்ன வேலை பார்க்கிறோம், ஏன் சேர்ந்தோம் என்று எழுதுவார்கள். இரண்டாவது வாரமும் பரவாயில்லை. மூன்றாவது வாரம் வந்ததும் சிலர் பேச்சுமூச்சில்லாமல் போய்விடுவார்கள். நேரில் நடக்கும் வகுப்பு என்றால் காலி பெஞ்சு கண்ணை உறுத்தும். பக்கத்தில் இருப்பவரிடம் "எங்கேப்பா உன் கூட்டாளி?" என்று கேட்டுவிடலாம். திரையில் காலி இடம் தெரிவதில்லை. வராதவரின் கட்டம் மறைந்து, வந்தவர்களின் கட்டங்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். வகுப்பு நிறைந்திருப்பது போலவே இருக்கும்.

அந்த மூன்றாவது வாரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு தம்பி படித்தார். பகலில் வேலை, இரவில் படிப்பு. முதல் அசைன்மென்ட்டை நன்றாகவே எழுதி அனுப்பியிருந்தார். இரண்டாவது வரவில்லை, மூன்றாவதும் வரவில்லை. சரி, ஆர்வம் போய்விட்டது போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவு தவறு. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். ஒருநாள் வருகைப் பதிவைப் பார்த்தபோது, அவர் ஒவ்வொரு இரவும் உள்ளே வந்து போயிருப்பது தெரிந்தது. எல்லா வீடியோவையும் பார்த்திருக்கிறார். அசைன்மென்ட் பக்கத்தைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார்.

போன் செய்தேன். எடுத்தவுடனே, "மேடம், தப்பா நினைக்காதீங்க" என்றார். "நான் ஒன்றும் நினைக்கவில்லை தம்பி, இரண்டாவது அசைன்மென்ட் என்ன ஆயிற்று?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: "தேதி தாண்டிடுச்சு மேடம். பக்கத்தில சிவப்பு எழுத்தில 'காலாவதி'ன்னு காட்டுது. இனிமே வாங்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

நான் வாங்கியிருப்பேன். இரண்டு மதிப்பெண் குறைத்திருப்பேன், அவ்வளவுதான். ஆனால் அதை எங்கேயும் நான் எழுதி வைக்கவில்லை. அந்தச் சிவப்பு எழுத்தைக் கதவு சாத்தியாகிவிட்டது என்று அவர் படித்துக்கொண்டார். அப்படியே போனில் கேள்வியை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். "இதில் உங்களுக்குத் தெரிந்தது என்ன?" என்றேன். மளமளவென்று சொன்னார். "இப்போது சொன்னதை எழுதி இன்றிரவு அனுப்புங்கள்" என்றேன். அனுப்பினார். மொத்தம் பத்து நிமிடப் பேச்சு. அந்தப் பாடத்தை அவர் முழுதாக முடித்தார்.

அன்றிலிருந்து பாடத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுகிறேன்: 'தேதி தாண்டினாலும் அனுப்புங்கள், வாங்கிக்கொள்வேன்.' மூன்றாவது வாரத்தில், சத்தமில்லாமல் போனவர்களுக்குப் பெயர் சொல்லி ஒரு செய்தி அனுப்புகிறேன். 'அன்புள்ள மாணவர்களே' என்று மொத்தமாகப் போடும் செய்தி யாருக்கும் வந்ததாக ஆகாது. 'உங்கள் முதல் அசைன்மென்ட்டில் மூன்றாவது பதில் நன்றாக இருந்தது, அடுத்ததைக் காணோமே' என்று எழுதிப் பாருங்கள். பதில் வந்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறைய வருகிறது.

தூரத்திலிருந்து கற்பிப்பது புதிதல்ல, நேயர்களே. 1840-இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன், ஆம், சுருக்கெழுத்துக்காரர் பிட்மன்தான், தபாலில் பாடம் அனுப்பினார். அந்த வருடம்தான் அங்கே ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. மாணவர்கள் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அவர் திருத்தி மறுபடியும் அனுப்புவார். சுருக்கெழுத்தைப் புத்தகம் வாங்கியும் படித்திருக்கலாமே, ஏன் தபாலில் சேர்ந்தார்கள்? திருத்தம் திரும்பி வந்தது, அதனால்தான் என்று நினைக்கிறேன். 1971-இல் அதே நாட்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் தொடங்கியபோதும் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. கூடவே, மாணவர் எழுதியதைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்ப ஓர் ஆசிரியரும் இருந்தார்.

அப்புறம் 2011. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 1,60,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடம் போய்ச் சேருவதும் பதில் திரும்பி வருவதும் ஒன்றல்ல. பாடம் லட்சம் பேருக்குப் போகும். உங்கள் பெயர் போட்டுத் திருத்தம் வருவதற்கு ஒரு மனிதர் உட்கார வேண்டும்.

இது ஆசிரியர்களுக்குச் சொன்னது. படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தம்பி செய்த இன்னொரு காரியத்தை எல்லோரும் செய்கிறோம். ஒரே வீடியோவை மூன்று தடவை பார்த்திருந்தார். பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் அதை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடிவிட்டு எழுதியவர்கள் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே வீடியோவைப் பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு காகிதத்தில், இதுவரை என்ன சொன்னார் என்று உங்கள் வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா? பயப்படாதீர்கள், எந்த இடத்தில் பிடிபடவில்லை என்பது இப்போது கையில் கிடைத்துவிட்டது. அந்த இடத்தை அப்படியே ஆசிரியருக்கு அனுப்புங்கள். 'புரியவில்லை' என்று மட்டும் எழுதினால் அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. 'ஏழாவது நிமிடம் வரை புரிந்தது, அதற்குப் பிறகு அந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். நான் இரண்டே வரியில் பதில் போட்டுவிடுவேன். எந்த ஆசிரியரும் போடுவார்.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் ஒருவர் இணையத்தில் படிக்கிறார் என்றால், அவர் சும்மா போன் பார்க்கிற மாதிரிதான் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் அவரைக் கூப்பிடாதீர்கள். முடிந்ததும், "இன்றைக்கு என்ன பாடம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள். மூன்றாவது வாரத்தில் மறக்காமல் கேளுங்கள்.

வணக்கம்.